இராமநாதனை ஏசுவதும் இராமநாதனை மறுப்பதும்

1915 கலவரத்தைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளில் ஒரு வழக்கம் இருக்கிறது. கம்பளைப் பெரஹரா வழக்கில் தொடங்குவார்கள். மே 28 வெசாக் இரவில் கண்டி காசல் வீதிப் பள்ளிவாசல் முன் நடந்ததைச் சொல்வார்கள். பிறகு சேர் பொன்னம்பலம் இராமநாதனிடம் வந்து நிற்பார்கள். அந்த இடத்தில் ஆய்வு முடிந்து ஏச்சு தொடங்கிவிடும். "அந்த மனிசன் நமக்குச் செஞ்சது கொஞ்சநஞ்சமா?" என்று கண்டிக் கடைகளில் கதைப்பதுதான் அச்சிலும் ஏறுகிறது.

சரி, செய்தது என்ன? 1888இல் அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மட்டும் முஸ்லிம்கள் என்று வாதாடினார். சட்ட நிரூபண சபையில் நமக்குத் தனி ஆசனம் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்திருந்த நேரம் அது. அடுத்த வருடமே எம்.சி. அப்துல் ரகுமான் நியமிக்கப்பட்டார். 1915இல் இராணுவச் சட்டத்தின் பெயரால் சிங்களவருக்கு நடந்த கொடுமைகளைச் சபையில் கண்டித்தார். அடுத்த ஆண்டு அதை நூலாகவும் வெளியிட்டார்.

இரண்டும் ஒரே தரமான காரியங்கள் அல்ல. முதலாவதை நான் ஏற்கவில்லை. இரண்டாவதில் பாதி நியாயம் இருக்கிறது. விசாரணையில்லாமல் ஆட்கள் சுடப்பட்டது உண்மை, அதைச் சொல்ல ஒருவர் வேண்டியிருந்தது. கடை எரிந்த சோனகனுக்கு அந்தப் பேச்சில் போதிய இடம் கிடைக்கவில்லை என்பதே நமது மனக்குறை. அந்தக் குறை சரியானதுதான். ஆனால் ஆளையே வெறுத்துவிட்டால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது. அவர் எதைச் சொன்னாலும் சதி என்றாகிவிடும்.

ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் 1907இல் எழுதிய மறுப்பு நூல் இதற்கு நேர்மாறானது. இராமநாதனின் உள்நோக்கத்தை அவரும் சொல்லத்தான் செய்கிறார், பூசி மெழுகவில்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாமல் மொழி, வழக்காறு, குடியேற்ற வரலாறு என்று வாதங்களைப் பிரித்தெடுத்துப் பதில் சொல்கிறார். அறபு வம்சாவழி பற்றிய அவருடைய முடிவுகளில் சில இன்று நிற்குமா என்பது வேறு கதை. அவரோடு வாதாட முடிகிறது, ஏச்சோடு வாதாட ஏலாது.

அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் 168ஆம் வசனத்தில் நபி லூத் (அலை) தம் சமூகத்தாரிடம், அவர்களுடைய செயலை வெறுப்பவர் தாம் என்கிறார். வெறுப்பு அங்கே செயலின் மீது வைக்கப்படுகிறது. நாம் மிம்பரில் கேட்கிற வசனம், பேனா எடுத்ததும் மறந்துபோகிறது.

"செயல் தானாக நடந்து வருமா, செய்தவன் இல்லையா?" என்று கேட்கலாம். இருக்கிறான். பெயர் சொல்லிக் குற்றம் சாட்டுவோம், தண்டனையும் கேட்போம். வெறுப்பு அதோடு நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். இராமநாதன் என்று தொடங்கும் வாக்கியம் 'இந்தத் தமிழரே இப்படித்தான்' என்று முடிவதை எத்தனை கட்டுரைகளில் வாசித்துவிட்டேன்! 1990இல் வடக்கிலிருந்து நம்மவர்களைப் புலிகள் விரட்டியதற்கு 1888இல் வேர் தேடுகிறவர்களும் உண்டு. மனிதர் 1930இலேயே இறந்துவிட்டார்.

இந்த வழுக்கல் எங்கே கொண்டுபோய் விடும் என்று கண்டி மாவட்டத்தாருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் ஒரு சிங்கள லொறிச் சாரதியை நான்கு முஸ்லிம் இளைஞர்கள் தாக்கினார்கள். மார்ச் 3ஆம் திகதி அவர் இறந்துபோனார். அது கொடுஞ்செயல், செய்தவர்கள் அந்த நான்கு பேர், அவர்கள் கைதாகியும் இருந்தார்கள். மார்ச் 5ஆம் திகதி திகனயில் எரிந்ததோ, அந்தச் சண்டையைக் கண்ணாலும் காணாதவர்களின் கடைகளும் வீடுகளும்.