மன்றத்துக் குரலும் தெருவின் குரலும்

நெய்வேலி நகரியத்தில் நான் உறுப்பினராய் இருந்த மாதர் மன்றமொன்றில், பல ஆண்டுகளுக்கு முன் ஏழைப் பெண்களுக்கான தையல் வகுப்பைத் தொடங்கினோம். ஐந்து தையல் எந்திரங்கள், ஓர் ஆசிரியை, திறப்பு விழா, குத்துவிளக்கு, சாமந்திமாலை, எல்லாம் முறைப்படி நடந்தேறின. பெயர் கொடுத்த பெண்கள் இருபத்திரண்டு பேர். இரண்டாம் வாரம் வந்தவர்கள் நால்வர். ஏழைகளுக்கு அக்கறையில்லை என்று செயற்குழுவில் ஒருவர் வருந்த, நாங்களும் தலையசைத்தோம். சுரங்கத்துக்காக நிலமும் ஊரும் விட்டு, மாற்றுக் குடியிருப்பில் வாழ வந்த பெண்மணி ஒருவர் எங்கள் வட்டத்தில் வீட்டு வேலை செய்துவந்தார். அவரிடம் காரணம் கேட்டேன். “பதினோரு மணிக்கு வகுப்பு வச்சா யாரும்மா வருவா? அப்பத்தானே உங்க வீடுகள்ல பாத்திரம் தேச்சுக்கிட்டு இருக்கோம். எந்த நேரம் தோதுன்னு எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றார்.

பதினோரு மணியைக் குறித்தவள் நான்தான். அப்போது மன்றத்தின் செயலாளர் நான். பொது ஷிப்டுக்குக் கணவன்மார் போய்விட்ட பின், சமையலையும் முடித்துவிட்டு நாங்கள் ஓய்வாக இருக்கும் நேரம் அது.

அண்மையில் பெண்களுக்கான எங்கள் வாசிப்பு வட்டத்தில் இரண்டு நூல்களை அடுத்தடுத்துப் படித்தபோது அந்தக் கேள்வி மீண்டும் காதில் ஒலித்தது. ஒன்று, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தம் சட்டமன்றப் பணியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதி 1930-இல் வெளிவந்த நூல். மற்றொன்று, மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் புதினம்; இது 1936-இல் வெளிவந்தது. இரண்டும் ஒரே கொடுமையைப் பற்றியவை. சிறுமிகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடிய இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தவர். முன்னவர் 1886-இலும் பின்னவர் 1883-இலும் பிறந்தவர்கள். ஆயினும் ஒரு நூலை மூடி மற்றதைத் திறக்கும்போது வேறொரு நாட்டுக்குள் நுழைவது போலிருக்கிறது.

முதல் நூலைப் புரிந்துகொள்ள அது முளைத்த மண்ணை அறிய வேண்டும். 1917-இல் சென்னை அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோன்றியது. அன்னி பெசண்ட் அதன் தலைவர். அயர்லாந்திலிருந்து வந்த மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோர் அதன் உயிர்நாடி. கிளைகள் பல ஊர்களில் எழுந்தன. எழுத்தறிவு, தையல், முதலுதவி ஆகிய வகுப்புகள் நடந்தன. 1918-இல் ‘ஸ்திரீ தர்மம்’ என்ற இதழும் தொடங்கியது. இன்று நகரியங்களிலும் நகரங்களிலும் நாம் காணும் மாதர் மன்றங்களின் நடைமுறை, அதாவது தலைவி, செயலாளர், ஆண்டறிக்கை, தையல் வகுப்பு என்ற அந்த அமைப்பு, பெரும்பாலும் அங்கிருந்து வந்ததே. ஆனால் அச்சங்கம் தையலோடு நின்றுவிடவில்லை. 1917 டிசம்பரில் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழுவாகச் சென்று வாக்குரிமை கேட்டனர். 1921-இல் இந்திய மாகாணங்களுள் முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. சொத்துத் தகுதி இருந்தமையால் வாக்குச்சீட்டு மிகச் சிலருக்கே கிட்டியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1926-இல் கமலாதேவி சட்டோபாத்யாயா தேர்தலில் நின்று சொற்ப வாக்குகளில் தோற்றார். அதே ஆண்டில் சங்கத்தின் பரிந்துரையினால் முத்துலட்சுமி அம்மையார் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டே அவையின் துணைத்தலைவரானார். மன்றத்துப் பெண்கள் அவைக்கு அனுப்பிய மருத்துவர் அவர். நூலின் மொழி முழுதும் அதைக் காட்டுகிறது.

அதை நூல் என்பதைவிட வழக்காவணம் என்பதே பொருந்தும். தீர்மானம், அதற்கான காரணம், அவையில் எழுந்த மறுப்பு, மறுப்புக்கு மறுமொழி என்று அது நகர்கிறது. பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவச் சோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவமனை வசதி, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல் என ஒவ்வொன்றுக்கும் அவர் ஆட்சியாளரின் காதுக்கேற்ற சொற்களைத் தேர்கிறார். உணர்ச்சி பொங்கும் இடங்களிலும் நோய்க்குறிப்பு எழுதும் மருத்துவரின் கை தெரிகிறது. இந்த வறட்சியைக் குறையாக நான் கருதவில்லை. ஆண்கள் நிறைந்த அவையில் தனியொரு பெண்ணாக நின்றவருக்கு அதுவே கவசம்.

நூலில் என்னை மிகவும் கவர்ந்த பகுதி, பலர் புரட்டிவிட்டுச் செல்லக்கூடிய ஒரு சட்டப்பிரிவு. 1927 நவம்பரில் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்க வேண்டுமென்ற அவரது தீர்மானம் அவையில் நிறைவேறியது. தீர்மானம் சட்டமாகாது. ஆகவே அவர் வேறு வழியைத் தேடினார். கோயில்கள் பலவற்றில் தேவதாசியர் இனாம் நிலத்தை அனுபவித்தனர். கோயிலில் ஊழியம் செய்தால்தான் நிலம் என்பது நிபந்தனை. தாய் மூத்ததும் ஊழியத்தைத் தொடர மகளுக்குப் பொட்டுக்கட்ட வேண்டும். இன்றேல் குடும்பம் நிலத்தை இழக்கும். பக்தி என்று பேசப்பட்டதன் அடியில் காணி நிலத்தின் கணக்கு இருந்தது. 1929-இல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் அவர் கொணர்ந்த திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. நிலம் ஊழியத்தினின்றும் விடுவிக்கப்பட்டது. ஊழியம் செய்யாவிடினும் நிலம் அவளுடையது. சிறுமியைக் காக்க வேண்டுமாயின் அவள் தாயின் வயிற்றுப்பாட்டைத் தொட வேண்டும் என்பதைக் கண்டறிந்தவர், மன்றத்துச் சொற்பொழிவாளர்களைவிடப் பல படி மேலானவர்.

ஆயினும் நிலமுடையவர்களுக்கே அந்தத் திருத்தம் பயன்பட்டது. கோயிற்படியையும் புரவலரையும் மட்டுமே நம்பியிருந்தவர்களுக்கு விடுவிக்க நிலம் ஏது? அவர்களுக்கான மாற்று வாழ்வு பற்றி நூல் சொல்வது குறைவு. நட்டுவாங்கமும் நாகசுரமும் அதே குலத்து ஆண்களுக்குப் பிழைப்பாகத் தொடர்ந்தன; பெண்களின் கலைதான் பழிக்கப்பட்டது என்று பிற்கால ஆய்வாளர்கள் சுட்டியிருப்பது தள்ளத்தக்கதன்று.

இதைவிட வருத்தம் தருவது இன்னொன்று. அம்மையாரின் முயற்சியை எதிர்த்துத் தேவதாசியரே சங்கம் கூட்டி அரசுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற பெருங்கலைஞர்கள் அவ்வணியில் இருந்தனர். திருவையாற்றில் தியாகராசருக்குத் தம் பொருளைச் செலவிட்டு நினைவாலயம் எழுப்பியவர் அவர். தாங்களும் விலைமகளிரும் ஒன்றல்லர் என்பதும், தங்களுக்கு வேண்டியது கல்வி என்பதும் அவர்கள் வாதத்தின் சாரம். அவ்வாதத்தை ஏற்பது வேறு, கேட்பது வேறு. அம்மையார் அரசுக்கு எழுதியபோது, அவர்களை வைத்திருப்போரின் தூண்டுதலால் எழுந்த எதிர்ப்பு என்று அதை ஒதுக்கிவிட்டார். அத்தகையோர் மனுவை அரசு எப்படிக் கருத்தில் கொள்ளலாம் என்றும் கேட்டார். சத்தியமூர்த்தி போன்ற ஆண் உறுப்பினர்களின் மறுப்புக்கு வரிக்கு வரி விடை சொன்னவர், அப்பெண்களின் மறுப்புக்கு அந்த மரியாதையை அளிக்கவில்லை.

அம்மையாரின் தாயார் சந்திரம்மாள் அந்தக் குலத்தில் பிறந்தவர் என்பதை அறிந்து படிக்கும் நமக்கு இது மேலும் உறுத்துகிறது. நூலில் மருத்துவர் பேசுகிறார், உறுப்பினர் பேசுகிறார். மகளின் குரல் எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த அவை அவரை என்ன செய்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்கிறேன். புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரிக்குள் தனியொரு மாணவியாய் நுழைந்த நாள்முதல் பிறப்பைச் சொல்லிக் குத்திய உலகம் அது. அவர் மௌனத்தைக் குற்றமாக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மௌனத்தின் விலையை மற்றப் பெண்கள் கொடுத்தார்கள் என்பதை மறைக்கவும் மனம் வரவில்லை.

அடுத்த நூலுக்கு வருவோம். நகரியத்தில் நடந்த புத்தகக் கண்காட்சி ஒன்றில் மறுபதிப்பாக இதை வாங்கினேன். பெற்றோரால் தாசி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டு, அவ்வாழ்வை மறுத்து, தமக்கு இசை கற்பித்தவரையே மணந்தவர் இராமாமிர்தம் அம்மையார். காங்கிரசிலிருந்து பெரியாரோடு வெளியேறியவர். 1938-இல் திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்த இந்தி எதிர்ப்புப் படையில் நடந்துவந்து சிறை சென்றவர். இவருக்கு அடையாற்றுச் சங்கமும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. தெருக்கூட்டமே இவர் கல்லூரி.

புதினக் கலை என்ற அளவுகோலை வைத்தால் நூல் தாங்காது. ஊரை ஏய்க்கும் இரு தாசிச் சகோதரிகள், அவர்களை ஆட்டுவிக்கும் தாய்க்கிழவி, சொத்தைத் தொலைக்கும் மைனர், மாறுவேடம், சூழ்ச்சி, எதிர்ச்சூழ்ச்சி என்று கதை நாடக மேடைக்குரிய வேகத்தில் ஓடுகிறது. திடீரென நின்று பக்கம் பக்கமாகச் சொற்பொழிவாற்றுகிறது. எங்கள் வட்டத்தில் இளம்பெண் ஒருத்தி, “அத்தை, இது கதையா, கூட்ட நடவடிக்கையா?” என்று கேட்டுச் சிரித்தாள். நியாயமான சிரிப்பே. நடையிலும் சமனில்லை, உரையாடல்களில் மட்டும் எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற உயிர். பேரம் பேசும் இடங்களும், கிழவி மகள்களுக்குப் பாடம் சொல்லும் இடங்களும், அத்தெருவில் வாழ்ந்த காது ஒன்றே எழுதக்கூடியவை. முத்துலட்சுமி அம்மையாரின் நூலில் அவ்வீட்டின் உள்கூடத்துக்குள் நாம் ஒருமுறைகூட நுழைவதில்லை.

தலைப்பைக் கவனியுங்கள். வலையை விரிப்பவள் தாசி, விழுபவன் மைனர். உள்ளிருந்து எழுதியவரே பழியின் பெரும்பங்கைப் பெண்கள் தலையில் சுமத்துவது முதலில் அதிர்ச்சி தந்தது. மைனரின் செல்வம் எவர் உழைப்பில் வந்தது, அவன் ஏன் அத்தெருவைத் தேடி வந்தான் என்பவற்றுக்குக் கதை போதிய இடம் தரவில்லை. தாய்க்கிழவியும் ஒரு நாள் பொட்டுக்கட்டப்பட்ட சிறுமிதானே என்ற எண்ணம் ஆசிரியருக்கு எழுந்திருந்தால், இது தமிழின் பெரும் புதினங்களுள் ஒன்றாகியிருக்கும் என்பது என் துணிபு.

ஆனால் இதே கதையில், வலையை அறுக்கக் கிளம்புகிறவர்களும் அக்குலத்துப் பெண்களே. அவர்கள் மேடையேறுகிறார்கள், வாதிடுகிறார்கள், ஒருவரையொருவர் இழுத்துக்கொண்டு வெளியே வருகிறார்கள். முதல் நூலில் தேவதாசி மீட்கப்பட வேண்டியவள். அவளுக்காகப் பேச வேறொருவர் வேண்டும். இரண்டாம் நூலில் அவள் கெடுப்பவளாகவும் இருக்கிறாள், மீட்பவளாகவும் இருக்கிறாள். ஆனால் ஓரிடத்திலும் வாயில்லாதவளாக இல்லை. கலைக்குறைகள் அத்தனையும் தெரிந்திருந்தும், எங்கள் வட்டத்தில் பலரும் இந்நூலைக் கையிலிருந்து விட மறுத்ததற்குக் காரணம் இதுவே என்று நினைக்கிறேன்.

வாக்கெடுப்பு வைத்தால் நான் எந்த நூலின் பக்கம் என்று கேட்டார்கள். 1929-இன் திருத்தமும், அதன் வழிவந்த 1947-இன் தடைச்சட்டமும் இல்லையென்றால் எத்தனையோ சிறுமிகள் தப்பியிருக்க மாட்டார்கள். புதினம் எதுவும் அதைச் செய்யாது. சட்டத்துக்குப் பின் விடுதிகள் ஏற்க மறுத்த பெண்கள் வாசலில் வந்து நின்றபோது, முத்துலட்சுமி அம்மையார் தம் வீட்டையே திறந்துவிட்டார்; அவ்வை இல்லம் அவ்வாறு பிறந்தது. மனுவைப் படிக்க மறுத்த கை, கதவைத் திறக்க மறுக்கவில்லை. ஆகவே என் வாக்கு முதல் நூலுக்கே. ஆனால் அந்த நூலை இனி யாருக்கேனும் படிக்கக் கொடுத்தால் தனியாகக் கொடுக்க மாட்டேன்.

பதிப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். தேவதாசியர் அரசுக்கு அளித்த விண்ணப்பங்கள் ஆவணங்களிலும் ஆங்கில ஆய்வுகளிலும் எடுத்தாளப்படுகின்றன. இராமாமிர்தம் அம்மையாரின் புதினம் 2003-இல் கல்பனா கண்ணபிரான், வசந்த் கண்ணபிரான் ஆகியோர் முயற்சியால் ஆங்கிலத்துக்கும் சென்றிருக்கிறது. அவ்விண்ணப்பங்களை நல்ல தமிழில், எளிய விலையில், இவ்விரு நூல்களோடு சேர்த்துப் படிக்கும்படி யாரேனும் வெளியிட வேண்டும். அதுவரை காத்திராமல், எங்கள் வட்டத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் ஒரு விண்ணப்பத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறார். முடிந்ததும் படிப்போம். கூட்டம் மாலை ஆறரைக்கு. தையல் வகுப்புக்கும் பின்னர் அந்த நேரமே நிலைத்தது.