பாகூர் மண்ணுக்கு அடியில் ஓர் எண்: பாகுநிலைக் கணிப்பின் பலமும் பலவீனமும்

2018 அக்டோபரில் எண்ணெய், எரிவாயு தேட மத்திய அரசு 55 வட்டாரங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. 41 வட்டாரங்கள் வேதாந்தாவுக்குப் போயின. அவற்றில் ஒன்று விழுப்புரம், புதுச்சேரிக் கரையோரத்தைச் சேர்ந்தது. இதை எதிர்த்து 2019 ஜூனில் மரக்காணத்திலிருந்து ராமேஸ்வரம் வரை மக்கள் கைகோத்து நின்றார்கள். அன்றைய புதுச்சேரி முதல்வர் நாராயணசாமி அனுமதி தர மாட்டோம் என்றார். 2020 ஜனவரியிலோ, தேடல் கிணறுகளுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்று விதி மாறியது.

ஏரிப்பாசனத்தை நம்பி நெல்லும் கரும்பும் போடும் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் இதையொட்டி எழும் கேள்விகள் மூன்று. எத்தனை கிணறு? எவ்வளவு தண்ணீர்? எத்தனை வருஷம்? கீழே இருக்கும் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்று தெரியாமல் இந்த மூன்றில் எதற்கும் சரியான பதில் கிடைக்காது. அதைச் சொல்லும் எண்தான் பாகுநிலை. அந்த எண்ணைப் பொறியாளர்கள் எப்படிப் பெறுகிறார்கள், அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது ஆய்வுக்கூடத்துக்குள் முடிந்துவிடும் விஷயமல்ல.

பாறையின் நுண்துளைகள் வழியே வரும் ஓட்டம் பாகுநிலைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும் என்கிறது டார்சியின் விதி. பாகுநிலை இரட்டித்தால், மற்றவை மாறாதபோது, வரத்து பாதியாகும். பாகு அதிகமான எண்ணெயைத் தள்ளத் தண்ணீர் செலுத்தினால், தண்ணீர் எண்ணெயைத் தள்ளாமல் அதை ஊடுருவி முந்திக்கொண்டு கிணற்றுக்கு வந்துவிடும். குஜராத்தின் பலோல், சந்தால் வயல்களில் எண்ணெய் கெட்டியானது. அதனால் ஓ.என்.ஜி.சி. பாறைக்குள்ளேயே எண்ணெயின் ஒரு பகுதியை எரித்து, அந்தச் சூட்டில் மீதியை இளக்கி எடுக்கும் முறைக்குப் போனது. எந்த முறையில் எடுப்பது என்பதையே இந்த எண் தீர்மானிக்கிறது.

இதை அளக்கும் நேர்வழி, கிணற்றின் அடியிலேயே மாதிரி எடுத்து, அங்குள்ள அழுத்தமும் வெப்பமும் குறையாமல் ஆய்வுக்கூடத்தில் உருளும் குண்டு அல்லது நுண்குழாய்க் கருவியில் சோதிப்பது. செலவும் நேரமும் அதிகம் என்பதால், மேலே வந்த எண்ணெயின் அடர்த்தி, வெப்பநிலை, கரைந்த வாயு ஆகியவற்றை மட்டும் வைத்துக் கணக்கிடும் சமன்பாடுகள் பரவின. அவற்றில் பரவலாகப் புழங்கும் ஒன்று பெக்ஸும் ராபின்சனும் 1975இல் தந்தது. சுமார் 600 எண்ணெய் மாதிரிகளில் செய்த 2,000க்கும் மேற்பட்ட அளவீடுகளிலிருந்து அது பிறந்தது.

அதன் பலத்தை ஒரு கணக்கில் பார்க்கலாம். அடர்த்தியைக் காட்டும் ஏ.பி.ஐ. எண் 30 உள்ள நடுத்தர எண்ணெய் 38 டிகிரி செல்சியஸில் வாயு நீங்கிய நிலையில் சுமார் 17 சென்டிபாய்ஸ் (பாகுநிலையின் அலகு) என்கிறது சமன்பாடு. 82 டிகிரியில் அது 3.3 ஆக இறங்குகிறது. பீப்பாய்க்கு 500 கன அடி வாயு கரைந்திருந்தால் 0.8தான். கரும்புப்பாகு சூட்டில் இளகுவதைப் பார்த்தவர்களுக்கு வெப்பத்தின் பங்கு புரியும். கரைந்த வாயுவின் பங்கு அதே அளவுக்குப் பெரியது. மேலே குடுவையில் கெட்டியாகத் தெரியும் எண்ணெய், ஆழத்தில் இருபது மடங்கு இளகி இருக்கலாம். இதைச் சில நிமிடங்களில் காட்டிவிடும் சமன்பாடு, தேடலின் தொடக்கத்தில் நல்ல துணை.

பலவீனமும் அதே சமன்பாட்டுக்குள் இருக்கிறது. வாயு கரைந்த எண்ணெயில் அதன் சராசரிப் பிழை 2 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் திட்ட விலக்கம் 27 சதவீதம் என்று ஆசிரியர்களே பதிவு செய்தார்கள். அப்படியானால் 0.8 என்ற விடை 0.6 ஆகவோ 1 ஆகவோ இருக்கலாம்; அதையும் தாண்டலாம். பல வயல்களின் சராசரிக்குப் பொருந்துவது ஒரு வயலுக்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஒரே அடர்த்தியுள்ள இரண்டு எண்ணெய்களில் ஒன்றில் மெழுகு மிகுந்திருக்கலாம். அடர்த்தி எண் அதைச் சொல்லாது. ராஜஸ்தானின் மங்களா வயல் எண்ணெய் சாதாரண வெப்பநிலையிலேயே உறைந்துவிடும் என்பதால், வழிநெடுகச் சூடேற்றும் நீண்ட குழாய்ப்பாதை போட வேண்டியிருந்தது. அந்த முடிவுக்கு அளவீடுதான் ஆதாரம்.

எண்ணெயின் கூறுகளை வைத்துக் கணக்கிடும் லோரன்ஸ்-பிரே-கிளார்க் முறை (1964) கணினி மாதிரிகளில் இன்றும் வேலை செய்கிறது. இதில் விடை அடர்த்தியின் உயர்ந்த அடுக்குகளைப் பொறுத்தது. அடர்த்தியில் சிறு பிழை விழுந்தால் பாகுநிலையில் பெரும் பிழையாக வளரும். அளந்த புள்ளிகளோடு விடை ஒத்துப்போகும்வரை மாறிலிகளைத் திருத்துவது வழக்கம். அளந்த இடத்தில் அது சரியாக வரும். அளக்காத அழுத்தத்தில் அதே துல்லியத்தை எதிர்பார்ப்பதுதான் ஆபத்து.

அளவீடும் குற்றமற்றதல்ல. மாதிரி எடுக்கும்போது கிணற்றடி அழுத்தம் குமிழ்ப் புள்ளிக்குக் கீழே இறங்கினால் வாயு பிரிந்துவிடும். பிறகு எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் அது பாறையில் இருந்த எண்ணெயின் எண் அல்ல. சூடு தணிந்து மெழுகு படிந்தாலும் இதே கதிதான். அதனால் கிணற்றைக் குறைந்த வரத்தில் ஓடவிட்டு, ஒன்றுக்கு மேற்பட்ட மாதிரி எடுத்து, அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

ஆகவே சமன்பாட்டைத் தள்ளிவிடுவது தீர்வல்ல. எங்கே தோண்டலாம் என்று யோசிக்கும் கட்டத்தில் அது போதும். எத்தனை கிணறு, எவ்வளவு நீர், என்ன முறை என்று முடிவெடுக்கும் கட்டத்தில் அது மட்டும் போதாது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் எண்ணெய்த் தொழில் காரைக்காலில் வேரூன்றியது. பாகூரும் வில்லியனூரும் அமைந்திருப்பது காவிரிப் படுகையின் வேறொரு பிரிவான அரியலூர்-புதுச்சேரித் துணைப் படுகையில். காரைக்கால் பக்கத்து எண்ணெயின் எண்ணை இங்கே அப்படியே ஒட்டிவைக்க முடியாது.

இனி எந்தத் திட்டம் இந்தக் கொம்யூன்களைத் தேடி வந்தாலும், அதன் சுற்றுச்சூழல் அறிக்கையில் மூன்று விஷயங்கள் தமிழில் இருக்க வேண்டும்: பாகுநிலை அளந்ததா கணக்கிட்டதா, அதன் பிழை வரம்பு என்ன, அந்த வரம்பின் இரு முனைகளிலும் கிணறும் தண்ணீரும் எவ்வளவு மாறும். கருத்துக் கேட்பைச் சட்டம் கட்டாயமாக்காவிட்டாலும் இதை வெளியிட எந்தத் தடையும் இல்லை. ஒற்றை எண்ணை மட்டும் கொடுத்து நிலத்தைக் கேட்பவர்களிடம், பிழை வரம்பின் இரு முனை எண்களையும் கேட்கும் உரிமை விவசாயிக்கு இருக்கிறது.