பீடம் ஒன்று, சபை ஒன்றா?

பிற சபையாரின் ஆலயத்திற்குச் செல்லும்போது அவர்களுடைய உபதேசத்தை ஆராயவே நாம் பழகியிருக்கிறோம். அவர்கள் எவ்வாறு கூடுகிறார்கள், யாருக்கு அருகில் யார் அமர்கிறார்கள் என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அண்மையில் ஒரு ஞாயிறன்று, திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்திலுள்ள கத்தோலிக்கத் திருக்குடும்ப ஆலயத்திற்கு நாம் சென்றிருந்தோம். நாம் கவனியாது விட்டதை அவ்வாலயத்தின் கட்டடமே நமக்கு உணர்த்திற்று.

தேவசகாயம் பிள்ளை 1745-இல் திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. எல்லாச் சாதியாரோடும் வேற்றுமையின்றிப் பழகியவராக நினைவுகூரப்படும் அவரை 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை புனிதராக அறிவித்தது. ஆனால் அவருடைய ஞானப்பிறப்பின் ஊரிலேயே, 1872-இல், சாதிக்கு ஒரு கூடமாக இரு கூடங்களைக் கொண்ட ஆலயம் எழுந்தது. கால்சட்டையின் இரு கால்களைப்போல விரிந்த அக்கூடங்கள் ஒரே பீடத்தில் வந்து சேர்ந்தன. ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார் முதலானோர், இடையே சுவர். 1910-இல் கௌசானல் அடிகளார் அச்சுவரை இடிப்பித்தார். வேளாளர் தரப்பினர் வழக்குத் தொடுத்தனர். ஆலயத்தில் தனி இடம் கோரும் உரிமை சாதிக்கு இல்லை என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இன்று அங்கே சுவர் இல்லை. வடிவம் மட்டும் மாறவில்லை. எக்கூடத்தில் அமர்ந்தாலும் பீடத்தைக் காணலாம். மறு கூடத்தில் இருப்போரைக் காண்பதுதான் எளிதன்று. இறைவனை நோக்குவதில் ஒன்றாகவும், அயலானை நோக்குவதில் வேறாகவும் இருக்கும்படி ஒரு சபையை அமைத்துவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அவர்களுடைய கூட்டு வாழ்வில் நாம் கற்கவேண்டியவை பல. 1962 முதல் 1965 வரை நடைபெற்ற இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின், அவர்கள் திருவழிபாடு மக்களின் மொழிக்கு வந்தது. குரு சொல்ல மக்கள் மறுமொழி கூறுவதும், ஒருமித்து நிற்பதும் முழந்தாளிடுவதும் அவர்களுக்கு இயல்பாயிருக்கின்றன. நம் ஆராதனையோ பல இடங்களில் அருளுரையைக் கேட்டுக் கலையும் கூட்டமாகச் சுருங்கிவிட்டது. மேலும், அண்டையிலுள்ள குடும்பங்கள் வீடுதோறும் கூடித் திருமறை வாசித்து, ஒருவர் துன்பத்தை மற்றவர் தாங்கும் ‘அன்பியம்’ என்னும் அமைப்பு தமிழகத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் வேரூன்றியுள்ளது. ஆயரையே நம்பியிராது சபையார் தாமே சபையாக வாழும் வழி இது.

எனினும் ஒரு கேள்வி எழுகின்றது. தெருக்கள் சாதியின்படி அமைந்த ஊரில், அண்டை வீட்டார் கூடும் கூட்டம் ஒரே சாதியாரின் கூட்டமாக நின்றுவிடாதா? ஆலயத்தில் இடித்த சுவர் அன்பின் பெயராலேயே தெருவில் மீண்டும் எழக்கூடும். எந்த அன்பியமும் தன் தெருவைக் கடந்து செல்கிறதா என்பதைக்கொண்டே மதிப்பிடப்படவேண்டும்.

இக்கேள்வியை அவர்களிடம் மட்டும் வைப்பது நமக்குத் தகாது. நம்முடைய பகுதி ஜெபக்கூட்டங்களும் அதே தெருக்களில்தான் நடைபெறுகின்றன. சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் கட்டளையிட்டபோது, தஞ்சையில் பலர் அதற்கு இணங்காது சபையைவிட்டு விலகினர். அதற்கு முன்னரே, நாம் இன்றும் உருகிப் பாடும் பாடல்களை இயற்றிய வேதநாயக சாஸ்திரியார் சாதி வழக்கங்களுக்கு ஆதரவாக எழுதியிருந்தார். நமக்குச் செங்கல் சுவர் தேவைப்படவில்லை. பெண் பார்க்கும்போதும், சபைத் தேர்தலின்போதும், கல்லறைத் தோட்டத்திலும் அது கண்ணுக்குத் தெரியாமலே எழும்பி நிற்கிறது.

நற்கருணை வேளை வந்தது. இரு கூடங்களிலிருந்தும் மக்கள் எழுந்து பீடத்தை நோக்கிச் சென்றார்கள். ஒரு காலத்தில் அருகருகே அமரவும் மறுத்தவர்களின் வழித்தோன்றல்கள் ஒரே அப்பத்தைப் பெற்றுத் திரும்பினர். நாம் மட்டும் இருக்கையிலேயே இருந்தோம். இரு சபைகளின் ஒழுங்கும் அறிந்த நமக்கு அது வியப்பாயில்லை, ஆயினும் வருத்தமாயிருந்தது. சுவர் அகற்றப்பட்ட ஆலயத்தில், பிரிவினையின் அடையாளமாக அன்று நாமே அமர்ந்திருந்தோம்.

கொரிந்துச் சபையாரைப் பவுல் கடிந்துகொண்டது, அவர்கள் அப்பத்தைப்பற்றித் தவறான விளக்கம் கொண்டிருந்ததற்காக அன்று. உள்ளவர் உண்ண, இல்லாதவர் பசித்திருந்ததற்காகவே. திருவிருந்தில் கிறிஸ்து எவ்வாறு பிரசன்னமாயிருக்கிறார் என்று இரு சபையாரும் நானூறு ஆண்டுகளுக்கு மேலாக வாதிட்டுவந்துள்ளோம். அருகில் இருப்பவன் யார் என்ற கேள்விக்கு அதில் பாதிக் கவனமேனும் செலுத்தினோமா? திருச்சபைகளின் ஒருமைப்பாட்டைப்பற்றி இறையியலார் உரையாடுவது நன்று. ஆனால் அவ்வுரையாடல் வடக்கன்குளத்தின் இரு கூடங்களும் சேரும் மூலையிலிருந்து தொடங்கட்டும். நம் பீடத்திற்கு வரும் வழிகளும் எத்தனையாகப் பிரிந்து கிடக்கின்றன என்பதை அடுத்த ஞாயிறன்று நம் சொந்த ஆலயத்தில் எண்ணிப்பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம்.