ஒன்றும் பூஜ்யமுமாக ஒரு தேடல்

பெரும்பாலான நிரல்மொழிகளில் ஒரு சொல்லைத் தேடினால், அது முதலில் எங்கே இருக்கிறது என்ற ஓர் எண்தான் கிடைக்கும். கென்னத் ஐவர்சன் 1962இல் நூலாக வெளியிட்ட குறியீட்டிலிருந்து வளர்ந்த ஏபிஎல் என்ற நிரல்மொழி அதோடு நிற்பதில்லை.

அதன் இன்றைய வடிவங்களில் ஒன்றான டயலாக் ஏபிஎல்லில், அடிக்கோடிட்ட எப்சிலான் என்ற ஒற்றைக் குறிதான் தேடுகிறது. ‘கடகடகட’ என்பதில் ‘கடக’வைத் தேடச் சொன்னால், விடை 1 0 1 0 0 0: ‘கடக’ தொடங்கும் இடங்களில் 1, மற்றவற்றில் 0. ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் இரண்டு இடங்களும் அதில் தெரிகின்றன. பைத்தானின் எண்ணும் கட்டளைக்கு இதில் ஒன்றுதான் கண்ணில் படும்.

பட்டியல் என்றால் இன்னும் அழகு. லண்டன், டொரொண்டோ, போஸ்டன், பாரிஸ் என்ற நான்கில் ‘டன்’ எங்கெங்கே? எப்சிலானுக்குப் பக்கத்தில் இரட்டைப் புள்ளி வைத்தால், தேடல் ஒவ்வொரு பெயருக்குள்ளும் தனித்தனியே நுழைகிறது. ஒவ்வொரு விடையையும் ‘அல்லது’ குறியால் சுருக்கினால் மிஞ்சுவது 1 0 1 0. அதையே சல்லடையாக்கிப் பட்டியலின்மேல் வைத்தால் லண்டனும் போஸ்டனும் வந்து நிற்கின்றன.

இத்தனைக்கும் சுழற்சிக் கட்டளை ஒன்றுகூட எழுதவில்லை. அதைவிடப் பெரிய சிறப்பு, விடையும் ஓர் அணியாகவே இருப்பது. கூட்டினால் எத்தனை பெயர்கள் என்று தெரியும். ஒன்றைப் பூஜ்யமாகவும் பூஜ்யத்தை ஒன்றாகவும் புரட்டிப் போட்டுச் சல்லடையாக்கினால் ‘டன்’ இல்லாத ஊர்கள் கிடைக்கும்.