கழுகின் காலில் கல்தூசி

புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூர் வட்டாரத்துக் கல்குவாரிச் சாலையில் ஒரு கைப்பிடித் தூசி அள்ளி வந்தேன். கிரஷரில் கல் அரைபடும்போது சாலையோர வேலிக்கருவை இலைமேலெல்லாம் வந்து படியுமே, அந்தச் சாம்பல் நிறத் தூசிதான். வெள்ளை மல் துணியில் அதைக் கட்டி, கிண்ணத்தின்மேல் பிடித்து மெல்லத் தட்டினேன். பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "சூரணத்துக்குச் சலிக்கிற மாதிரி மூணு தடவை சலிப்பா. ஒரு தடவைக்கெல்லாம் நைஸ் வராது" என்றார். சித்த வைத்தியர்கள் வஸ்திரகாயம் என்று சொல்வது இதைத்தான். மூன்றாம் தடவை துணியிலிருந்து இறங்கியதை விரலில் தொட்டால், கைரேகைக்குள் புகுந்து மறைந்துகொண்டது.

இவ்வளவு மெனக்கெடுவதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. என் மேஜையில் நிற்பது 72-ல் ஒரு பங்காகச் சுருக்கிய விண்கலம். அதற்குப் பொருத்தமான ஆறடி மனிதன் இரண்டரை சென்டிமீட்டர் உயரம்தான் இருப்பான். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள துகள், அவன் உலகத்தில் ஏழு மில்லிமீட்டர் கல். நம் கண்ணுக்குத் தூசி, அவன் காலுக்குச் சரளை. சலிக்காமல் தூவினால் கலத்தைச் சுற்றி ஜல்லி கொட்டியதுபோல் ஆகிவிடும். அந்த நொடியே அது பொம்மையாகிவிடும்.

கலத்தின் பெயர் ஈகிள், கழுகு. 1975 முதல் 1977 வரை ஒளிபரப்பான 'ஸ்பேஸ்: 1999' என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில் வருவது. ஜெரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் இருவரும் உருவாக்கிய தொடர். 1999 செப்டம்பர் 13 அன்று, நிலவில் கொட்டிவைத்த அணுக்கழிவு வெடித்து, நிலவே பூமியின் பிடியிலிருந்து பிய்த்துக்கொண்டு போகிறது. அங்கே ஆல்ஃபா தளத்தில் இருந்த 311 பேரும் அதோடு போகிறார்கள். அவர்களுக்குப் பேருந்தும் லாரியும் ஆம்புலன்ஸும் எல்லாம் இந்த ஈகிள்தான். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் எழுபதுகளின் நடுவில் இதைப் பாகம் பாகமாக ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் கிட்டாகப் போட்டது. பல வருடம் சிங்கப்பூரில் வேலை பார்த்துவிட்டு அறந்தாங்கிக்குத் திரும்பிய நண்பர் ஒருவர், அங்கே ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்த பெட்டியை எனக்காகச் சுமந்து வந்தார். மூலைகள் நைந்த பெட்டி. உள்ளே ஒரு பாகம்கூடக் குறையவில்லை.

ஈகிளை வடிவமைத்தவர் பிரையன் ஜான்சன். அதற்கு முன்பு '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்தின் சிறப்புக் காட்சிக் குழுவில் வேலை செய்தவர். அவர் கலத்தில் எனக்குப் பிடித்தது அதன் உழைப்பாளி உடம்பு. முன்னால் கூர்ந்த மூக்கு, அதில் குழிந்த சாளரங்கள். பின்னால் நான்கு எஞ்சின் குழல்கள். இரண்டையும் இணைக்க, மின்கோபுரத்தைப் படுக்கவைத்ததுபோல் ஒரு கம்பிச் சட்ட முதுகெலும்பு. நடுவில் கழற்றி மாட்டும் பெட்டி: ஆள் ஏற்ற ஒன்று, சரக்கு ஏற்ற ஒன்று. டிராக்டருக்குப் பின்னால் இன்றைக்கு டிரெய்லர், நாளைக்குத் தண்ணீர் டேங்க் என்று மாட்டுகிறோமே, அதே யோசனை. காற்றே இல்லாத இடத்தில் ஓடும் வண்டிக்கு வழவழப்பான தோல் எதற்கு என்று கேட்டு, எலும்பை வெளியே தெரியவிட்டிருக்கிறார்.

படப்பிடிப்புக்குச் செய்த மாதிரிகளில் பெரியது 44 அங்குலம். கால்களில் ஸ்பிரிங் வைத்திருந்தார்கள். தரையிறங்கும் காட்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வட்டப் பாதம் தரையைத் தொடுகிறது. உடம்பு இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. பிறகு கால்கள் அமுங்க, கலம் சற்றே எழும்பி நிற்கிறது. மூட்டையை இறக்கி வைத்தவர் மூச்சு விடுவதுபோல் இருக்கும். ஒரு ஆள் கையால் தூக்கக்கூடிய மாதிரிக்கு, அந்த அரை நொடியில் பல டன் எடை வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கிட்டில் ஸ்பிரிங் கிடையாது, கால்கள் விறைப்பாகவே நிற்கும். சட்டக் கம்பிகளும் அளவுக்கு மீறித் தடிமன். பித்தளைக் கம்பியில் புதிதாகச் செய்து மாற்றுகிறவர்கள் உண்டு. நான் மாற்றவில்லை. ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒருவர் எஃகு அச்சில் வெட்டிய கோடுகள் அவை, அவற்றுக்கும் ஒரு மரியாதை உண்டு. அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் ஓடிய பிசிறை மட்டும் பிளேடின் முதுகால் சுரண்டி எடுத்தேன். ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு பக்கம். இரண்டு வாரம் அதற்கே போயிற்று. பாகங்களைத் தாங்கும் பிளாஸ்டிக் கொடியை வீணாக்காமல் அகல்விளக்குச் சுடருக்குமேல் காட்டி, இளகியதும் இரண்டு கையாலும் சட்டென்று இழுத்தேன். தலைமுடி கனத்துக்கு நூலாக ஓடியது. முதுகெலும்பை ஒட்டிப் போகும் குழாய்களுக்கு அதுதான்.

ஸ்டிக்கர்கள் பழுப்பேறியிருந்தன. தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டும் வகை. அந்தத் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, புதுக்கோட்டைச் சித்திரை வெயிலில் பத்து நாள் காயவிட்டதில் மஞ்சள் முக்கால்வாசி இறங்கிவிட்டது. மேலே ஒரு பூச்சு வார்னிஷ் கொடுத்த பிறகே நனைத்தேன். இல்லையென்றால் அப்பளம்போல் நொறுங்கியிருக்கும்.

பிறகுதான் பழசாக்கும் வேலை. வெதரிங் என்பார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இங்கேதான் அவசரப்படுவார்கள்: கறுப்பையும் பழுப்பையும் கண்ட இடத்தில் தேய்த்தால் கலம் அழுக்காகத் தெரியுமே ஒழிய, எங்கும் போய்வந்ததாகத் தெரியாது. ஜெகதாப்பட்டினத்தில் கரையில் ஏற்றியிருந்த விசைப்படகு ஒன்றை நான் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, வலை சீர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "துருவுக்கும் ஒரு ஊத்துக்கண் உண்டு தம்பி. போல்டுக்குக் கீழ பாருங்க." பார்த்தேன். ஒவ்வொரு போல்டின் அடியிலும் கரும்பழுப்பாகப் பிறந்து, ஒரு சாண் தூரம் செம்மண் நிறமாக ஓடி, கடைசியில் தேநீர்க் கறையாக வெளிறிக் காணாமல் போயிருந்தது. போல்டு இல்லாத பலகையில் கறை இல்லை. அன்றைக்கு நான் கற்றதை எந்தக் கையேட்டிலும் அவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

இன்னொரு பாடசாலை ஐயனார் கோயில்கள். இந்த மாவட்டத்தில் புரவி எடுப்பு முடிந்ததும் மண்குதிரைகளை அப்படியே வெயிலுக்கும் மழைக்கும் விட்டுவிடுவார்கள். போன திருவிழாவின் குதிரை இன்னும் பளிச்சென்று இருக்கும். அதற்கு முந்தைய வரிசையில் சுண்ணாம்பு முதுகில்தான் முதலில் உதிர்ந்திருக்கும், வயிற்றுக்கடியில் அப்படியே இருக்கும். அதற்கும் பின்னால் கழுத்துப் பட்டையின் புடைப்பில் செம்மண் வெளியே தெரியும், குளம்பில் பாசி ஏறியிருக்கும். காலத்தை வரிசையாக நிறுத்திவைத்ததுபோல் இருக்கும். வெயில் எங்கே தின்னும், மழை எங்கே தங்கும் என்று அந்த வரிசையில் நடந்தாலே தெரிந்துவிடும்.

ஆனால் நிலவில் மழை இல்லையே! காற்றும் இல்லை. படகின் துருவை அப்படியே ஈகிளில் ஏற்றினால் பொய்யாகிவிடும். இதற்கு ஒரு நிஜ சாட்சி இருக்கிறது. 1967 ஏப்ரலில் நிலவில் இறங்கிய சர்வேயர் 3 கலத்துக்கு ஏறக்குறைய 160 மீட்டர் தள்ளி, 1969 நவம்பரில் அப்பல்லோ 12 இறங்கியது. வீரர்கள் நடந்துபோய் அதன் கேமராவையும் சில பாகங்களையும் வெட்டி எடுத்துவந்தார்கள். வெள்ளைப் பெயிண்ட் மங்கிப் பழுப்பு தட்டியிருந்தது. அப்பல்லோ இறங்கும்போது அதன் எஞ்சின் வாரி இறைத்த நிலாமண் பட்டு, அந்தத் திசையைப் பார்த்த பரப்பெல்லாம் தேய்ந்திருந்தது. ஏதாவது ஒரு பாகம் குறுக்கே மறைத்த இடத்தில் மட்டும் நிழல்போல அந்தப் பழுப்பு தங்கியிருந்தது. திசை உள்ள தேய்மானம், மறைவு உள்ள தேய்மானம். படித்தபோது, போல்டுக்குக் கீழே பார்க்கச் சொன்ன பெரியவர்தான் நினைவுக்கு வந்தார்.

ஆகவே முடிவு செய்துகொண்டேன். துரு வேண்டாம். மேலிருந்து கீழாக வடியும் கறை, எண்ணெய் கசியும் மூட்டுகளில் மட்டும், அதுவும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில். மூக்கின் வெள்ளையில் ஒரு துளி மஞ்சள் கலந்து வெயில் காட்டினேன். பெட்டியின் பலகைகளில் ஒன்றிரண்டைச் சாம்பல் வெள்ளையாகவும் ஒன்றைச் சந்தன வெள்ளையாகவும் அடித்தேன். வெவ்வேறு சமயத்தில் மாற்றிய பலகைகள் ஒரே வெள்ளையாக இருக்க முடியாது.

ஒரு கறையை மட்டும் பக்கத்தில் வைத்துச் சொல்கிறேன். பின்பக்க இடது கால்மூட்டுக்குக் கீழே, குண்டூசி முனையால் கரும்பழுப்பு எண்ணெய் வண்ணம் ஒரு புள்ளி வைத்தேன். கால் மணி நேரம் விட்டேன், சற்று இறுகட்டும் என்று. தட்டைத் தூரிகையை டர்பண்டைனில் நனைத்து, துணியில் கிட்டத்தட்ட உலர ஒற்றி, புள்ளியின் தலையைத் தொடாமல் அடியிலிருந்து கீழே ஒரே இழுப்பு. முதல் இழுப்பில் கோடு. இரண்டாவதில் ஓரங்கள் கரைந்தன. மூன்றாவதில் வால் மறைந்தது. நான்காவது இழுக்கக் கை வந்தது, நிறுத்திக்கொண்டேன். அந்த நான்காவது இழுப்பில்தான் பல கலங்கள் கெட்டிருக்கின்றன. ஐந்து சென்டிமீட்டர் அகலக் கறை இந்த அளவில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது என்பதைக் கை எப்போதும் மறந்துவிடும்.

ஈகிளைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1977-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் ஹான் சோலோவின் கப்பலுக்கு முதலில் போட்ட வடிவம் ஈகிளை ஒத்திருப்பதாகப் பட்டதால், அதைத் தள்ளிவைத்துவிட்டு வட்டத் தட்டு வடிவத்துக்குப் போனார்கள். தள்ளிவைத்த வடிவம் படத்தின் தொடக்கத்தில் துரத்தப்படும் கப்பலாக வந்தது. ஆக, உலகம் கொண்டாடும் மில்லேனியம் ஃபால்கன் அந்த உருவத்தில் பிறந்ததற்கு இந்தக் கழுகும் ஒரு காரணம். அந்தக் குழுவினர் பீரங்கி வண்டி கிட்டுகளையும் கார் கிட்டுகளையும் வாங்கிக் குவித்து, துண்டு துண்டாகப் பிரித்து, கப்பலின் மேனியெங்கும் ஒட்டினார்கள். எந்தத் துண்டு என்ன வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது; ஆனாலும் கண், அங்கே வேலை நடப்பதாக நம்பிவிடுகிறது.

கடைசியாகப் பாதங்கள். சலித்த கல்தூசியை மென்தூரிகையில் எடுத்து, பாதத்துக்கு மேலே பிடித்து விரலால் சுண்டினேன். காற்று இல்லாத இடத்தில் தூசி மேகமாகத் தொங்காது. எறிந்த கல்போல் போய் விழும். அதனால் முழங்காலுக்குமேல் ஒரு பொட்டுகூட ஏறவிடவில்லை. எஞ்சினைப் பார்த்த உள்பக்கத்தில் கனமாக, வெளிப்பக்கத்தில் பெயருக்கு. கம்பி குறுக்கே வந்த இடத்தில் மெல்லிய கோடாக வெள்ளை நிற்கட்டும் என்று காகித நறுக்கு வைத்து மறைத்தேன். எடுத்தபோது அந்தக் கோடு அப்படியே இருந்தது.

மூன்று பாதங்களுக்கு இப்படி. நான்காவதில் தூசி போடவில்லை. அந்தக் கால் ஒரு பாறைமேல் இறங்கியதாக வைத்துக்கொண்டேன். வட்டத் தட்டின் விளிம்பில் மட்டும், பெயிண்ட் உரிந்து உலோகம் தெரிவதுபோல், பென்சிலால் ஒரு சிறு கீறல்.