சார்லட் ஸ்மித்தின் முதல் நூலும் வேர்ட்ஸ்வர்த் பட்ட கடனும்

ஆங்கில இலக்கியம் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் ரொமான்டிக் கவிதையின் பிறந்த ஆண்டு 1798 என்பார்கள். வேர்ட்ஸ்வர்த்தும் கோல்ரிட்ஜும் சேர்ந்து 'லிரிகல் பாலட்ஸ்' வெளியிட்ட ஆண்டு அது. நம்மில் பலர் இதை மனப்பாடம் செய்து பரீட்சையும் எழுதியவர்கள்தாம். கணக்கு தப்பு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை பிறந்த வீட்டில் அதற்கு முன்பே விளக்கேற்றி வைத்த ஒரு பெண்மணியை இந்தக் கணக்கு விட்டுவிடுகிறது.

அவர் பெயர் சார்லட் ஸ்மித் (1749–1806). 1784-இல் வந்த 'எலீஜியாக் சானட்ஸ்' அவருடைய முதல் நூல். 'எலீஜி' என்பதை நம் இலக்கணத்தார் சொல்லும் கையறுநிலைக்குப் பக்கத்தில் வைக்கலாம். ஒரு வேறுபாடு உண்டு: கையறுநிலை பெரும்பாலும் இறந்துபோன இன்னொருவருக்காகப் பாடுவது, இவரோ உயிரோடு இருக்கும் தமக்காகவே பாடினார்.

காரணம் இருந்தது. மூன்று வயது வாக்கில் தாயை இழந்தார். பதினாறு நிறைவதற்குள், 1765-இல், பெஞ்சமின் ஸ்மித் என்பவருக்குக் கட்டிவைத்துவிட்டார்கள். மாமனார் பெரிய வியாபாரி, பார்படோஸ் தீவில் அடிமைகள் உழைத்த தோட்டங்களுக்குச் சொந்தக்காரர். பிள்ளையின் ஊதாரித்தனம் தெரிந்த மனுஷர், சொத்து பேரப்பிள்ளைகளுக்குப் போகட்டும் என்று வக்கீல் துணையில்லாமல் தாமே உயில் எழுதினார். 1776-இல் அவர் இறந்ததும் உயிலில் இருந்த குழப்பம் கோர்ட்டுக்குப் போயிற்று. வழக்கு தீர்ந்தது 1813-இல். சார்லட் இறந்தே ஏழு வருஷம் ஆகியிருந்தது. இதற்கிடையில் பெற்றது பன்னிரண்டு பிள்ளைகள். 1783 டிசம்பரில் கணவர் கடனுக்காகச் சிறை போனார். சார்லட்டும் சில காலம் அவரோடு அங்கேயே இருந்தார்.

அந்த நெருக்கடியில் தம் கைக்காசு போட்டு அச்சடித்த நூல்தான் இது. இருபதுக்கும் குறைவான பாடல்கள். முகப்பில் ஆசிரியர் பெயரோடு 'சசெக்ஸ் பிக்னர் பார்க்' என்று போட்டிருக்கும். அது அவர் வளர்ந்த பிறந்தகம். கணவர் சிறையில் இருக்கும்போது முகப்பில் பிறந்தகத்தின் பெயரைப் போடுவதில் கொஞ்சம் மானம் இருக்கிறது, கொஞ்சம் வியாபார புத்தியும் இருக்கிறது. இரண்டும் பலித்தன. அதே ஆண்டில் இரண்டாம் பதிப்பு வந்தது. பதிப்புக்குப் பதிப்பு பாடல்கள் கூடி, 1797-இல் நூல் இரண்டு தொகுதியாயிற்று.

சரி, அப்படி என்ன புதுசு? சானட் என்ற பதினான்கு வரிப் பா ஷேக்ஸ்பியரும் மில்டனும் கையாண்ட வடிவம். பிறகு நெடுங்காலம் அதைச் சீந்துவார் குறைவு. கிரேயும் தாமஸ் வார்ட்டனும் எழுதியது உண்டு என்றாலும், பொதுவாசகர் கையில் அதைக் கொண்டு சேர்த்தவர் சார்லட். இத்தாலிய முறைப்படி கறாராக எதுகை போடாமல், ஆங்கிலத்துக்கு இசைவாகத் தளர்த்திக்கொண்டார். சானட் என்ற பெயருக்கு இவை முழு உரிமை கோர முடியாது என்று முன்னுரையிலேயே அடக்கமாகச் சொல்லியும்விட்டார். இலக்கண சுத்தம் பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை. அன்னா சீவர்ட் என்ற புலமை மிக்க பெண் கவிஞரே, இவை பிறர் வரிகளை எடுத்துக் கோத்தவை என்று கடுமையாகப் பேசினார். அதில் ஓரளவு உண்மை உண்டு; முதல் சானட்டின் முடிவே போப்பின் ஒரு கவிதையிலிருந்து எடுத்ததுதான்.

வடிவத்தை விட முக்கியமானது அந்தப் பதினான்கு வரிக்குள் அவர் செய்த காரியம். பெயர் சொல்லக்கூடிய ஓர் இடத்தில் நிற்கிறார். அது ஆரன் நதியாக இருக்கலாம், சவுத் டவுன்ஸ் குன்றுகளாக இருக்கலாம். சிறுவயதில் பூத்தொடுத்து விளையாடிய அந்தக் குன்றைப் பார்த்து, எனக்கு மறுபடி அமைதி தர உன்னால் முடியுமா என்று கேட்கிறார். முடியாது என்பது அவருக்கே தெரிகிறது. குன்று மாறவில்லை, பார்க்கிறவள் மாறிவிட்டாள். இயற்கையும் மனசும் எதிரெதிரே நின்று பேசும் இந்த அமைப்புதான் பின்னால் ரொமான்டிக் கவிதையின் முதுகெலும்பு ஆயிற்று.

தொடர்பு வெறும் ஊகம் இல்லை. 1789-இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முன்பணம் கட்டியவர்களில் கேம்பிரிட்ஜ் மாணவர் வேர்ட்ஸ்வர்த் ஒருவர். 1791-இல் பிரான்சுக்குப் போகும் வழியில் பிரைட்டனில் அவரை நேரில் கண்டு அறிமுகக் கடிதங்களும் வாங்கிப் போனார். கோல்ரிட்ஜ் 1796-இல் தொகுத்த சிறு சானட் தொகுப்பின் முன்னுரையில், இந்த வடிவத்தை அக்கால ஆங்கிலேயர் விரும்பும்படி செய்தவர்கள் ஸ்மித்தும் பௌல்ஸும்தான் என்று சொல்லி, சானட்டின் விதிகளையே இவர்கள் பாடல்களிலிருந்துதான் வகுத்தார். இதில் பௌல்ஸின் நூல் வந்ததே 1789-இல்தான், சார்லட்டுக்கு ஐந்து ஆண்டு பிந்தி. கோல்ரிட்ஜ் இளமையில் பௌல்ஸைக் கொண்டாடியதைப் பாடநூல்கள் மறக்காமல் சொல்கின்றன. ஸ்மித் பெயர் மட்டும் எப்படியோ நழுவிவிடுகிறது.

ஆனால் வாங்கியதை வேர்ட்ஸ்வர்த் அப்படியே வைத்துக்கொள்ளவில்லை. 1798-இல் வை நதிக்கரைக்கு ஐந்தாண்டு கழித்துத் திரும்பி வந்து அவர் பாடிய புகழ்பெற்ற கவிதையிலும் அதே அமைப்புதான். பழைய இடம், மாறிப்போன மனசு. அவர் கணக்கில் இழந்ததற்கு ஈடாக வேறொன்று கிடைக்கிறது, இயற்கை ஆறுதல் சொல்கிறது. சார்லட்டின் இயற்கை அப்படிச் சொல்வதில்லை. ஐந்தாம் பதிப்பில் சேர்ந்த மிடில்டன் இடுகாட்டுப் பாடலில் கடல் பொங்கி வந்து கல்லறைகளைப் பிளக்கிறது, எலும்புகள் கரையில் கிடக்கின்றன. செத்தவர்களுக்கு அந்த இரைச்சல் கேட்பதில்லை. கொடுத்துவைத்தவர்கள் என்று அவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார், அதோடு முடித்துவிடுகிறார். எனக்கு இது வேர்ட்ஸ்வர்த்தின் ஆறுதலை விட நேர்மையாகப் படுகிறது.

எப்போது பார்த்தாலும் புலம்பல்தானா என்ற குறை அன்றே எழுந்தது. ஒரே மூச்சில் நாற்பது பாடல் படித்தால் நமக்கும் சலிக்கத்தான் செய்யும், மறைப்பானேன். சந்தோஷமாக எழுதக் கூடாதா என்று கேட்ட நண்பருக்கு, துயரம் தீரவில்லை, பாட்டு மட்டும் எப்படி மாறும் என்ற பொருளில் 1792 பதிப்பின் முன்னுரையில் பதில் தந்தார். 1787-இலேயே கணவரைப் பிரிந்துவிட்டார். நாவல்கள் எழுதித்தான் குடும்பம் ஓடிற்று. புலம்பல் விற்றது, விற்றதால் அரிசி வந்தது. அதனாலேயே அதைப் போலி என்று தள்ளிவிட முடியுமா?

1830-களில், வயதான வேர்ட்ஸ்வர்த் தம் கவிதை ஒன்றின் யாப்பை சார்லட்டிடமிருந்து எடுத்ததாகக் குறிப்பு எழுதினார். ஆங்கிலக் கவிதை இவருக்குப் பட்ட கடன் பெரிது, அதை யாரும் ஒப்புக்கொள்ளவோ நினைவில் வைக்கவோ போவதில்லை என்றும் அதில் சேர்த்தார். சொன்னபடியே ஆயிற்று. 1993-இல் ஸ்டூவர்ட் கர்ரன் பதிப்பித்து ஆக்ஸ்போர்டு வெளியிட்ட முழுத் தொகுப்புக்குப் பிறகுதான் பல்கலைக்கழகங்கள் பரவலாகத் திரும்பிப் பார்த்தன. வீட்டில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் இருந்தால், முதலில் மிடில்டன் பாடலையும் அதன் பிறகு வை நதிக் கவிதையையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். வரிசையை மாற்ற வேண்டாம்.