உவன் என்ன செய்தவன்?

2025 ஜூலை 24 அன்று ஹல்க் ஹோகன் இறந்த செய்தி வந்ததும், என் வயதுக்காரர்களின் வாட்ஸப் குழு ஒரு மணித்தியாலத்துக்குள் நிரம்பிவிட்டது. மஞ்சள் பனியனைக் கிழிக்கும் படம், காதருகே கையை வைத்துச் சனத்தின் சத்தத்தைக் கேட்கும் படம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்காபரோ அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்த பெடியன்கள் நாங்கள். ஆங்கிலம் பிடிபட முன்னரே எங்களுக்குப் பிடிபட்ட நிகழ்ச்சி றெஸ்லிங். ஆனால் எனக்கு அன்று நினைவில் வந்தது ஹோகனின் முகமல்ல, அவர் முன்னால் விழுந்தவரின் முகம்.

பள்ளிக்கூட மைதானத்தில் விளையாடும்போது யார் ஹோகன் என்பதற்குத்தான் சண்டை வரும். யார் அயர்ன் ஷேக் என்பதற்கு ஒருநாளும் சண்டை வந்ததில்லை. அது நான்தான். என் நிறத்தைப் பார்த்தே அந்தப் பாத்திரத்தைத் தந்துவிட்டார்கள். நோகாமல் விழுவது எப்படி என்று அங்கேதான் பழகினேன்.

வாடகைக்கு எடுத்த வீடியோ ஓடும்போது அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்ப்பார்.

"உவன் என்ன செய்தவன் எண்டு சனம் உப்பிடிக் கத்துது?"

"அவன் கெட்டவன், அம்மா."

"கெட்டவன் சரி. என்ன செய்தவன்?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறேன். இதை எடைபோட அம்மாவின் கேள்வியைவிட நல்ல படிக்கல் எனக்கு இன்னும் அகப்படவில்லை.

"எல்லாம் பொய்தானே" என்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். கூத்தில் துரியோதனன் விழுவான் என்று தெரிந்துகொண்டுதானே விடியும்வரை இருக்கிறோம்? ஆனால் கூத்தில் துரியோதனனுக்கும் ஒரு வரவு உண்டு, ஒரு வழக்கு உண்டு. தன் பக்க நியாயத்தை அவன் பாடிவிட்டுத்தான் விழுவான். றெஸ்லிங்கில் வெளிநாட்டு வில்லனுக்கு அந்தப் பாட்டு கிடைப்பது அரிது. அவன் கையில் ஒரு கொடியைக் கொடுத்துவிட்டால் போதும், மிச்சத்தைச் சனம் பார்த்துக்கொள்ளும்.

அயர்ன் ஷேக்கின் உண்மைப் பெயர் கொஸ்ரோ வசீரி. ஈரானில் பிறந்தவர், கிரேக்க-உரோம மல்யுத்தத்தில் தேர்ந்தவர், 1971இல் அமெரிக்கத் தேசியப் பட்டம் வென்றவர். 1983 டிசம்பர் 26 அன்று நியூயோர்க் மெடிசன் ஸ்குயர் கார்டனில் பொப் பெக்லண்டிடமிருந்து உலகப் பட்டத்தைப் பறித்தார். நான்கு கிழமைகளில், 1984 ஜனவரி 23 அன்று, அதே மேடையில் ஹோகனிடம் தோற்றார். ஆறு நிமிடங்கூட நீடிக்காத ஆட்டம் அது. குப்புறக் கிடக்கும் ஹோகனின் முதுகில் இருந்து, நாடியைப் பிடித்து ஷேக் பின்னால் வளைக்கிறார். ஹோகன் அவரைச் சுமந்தபடி எழும்பி, பின்னோக்கிப் போய் மூலைக் கம்பத்தில் மோதுகிறார். திரும்பத் திரும்பப் பார்த்தால் ஒன்று விளங்கும். ஹோகனின் பலமாக நமக்குத் தெரிவதில் பாதி ஷேக்கின் உழைப்பு. எப்போது தொங்க வேண்டும், எப்போது விட வேண்டும், எவ்வளவு வேகத்தில் மோத வேண்டும் என்று அறிந்தவர் அவர். மேடையில் நின்ற இருவரில் மல்யுத்தம் நன்றாகத் தெரிந்தவர்தான் தோற்றார். அவர் செய்த குற்றம்? தெஹ்ரான் பணயக்கைதி விவகாரம் முடிந்து மூன்று வருடங்களே ஆகியிருந்தன. வேறொன்றுமில்லை.

1991இல் வளைகுடாப் போர் வந்தது. நிறுவனத்துக்கு இப்போது ஈராக்கியர்கள் தேவைப்பட்டார்கள். ஷேக்குக்கு இராணுவச் சீருடை மாட்டி 'கேணல் முஸ்தபா' என்று பெயர் வைத்தார்கள். ஈரானும் ஈராக்கும் எட்டு வருடம் ஒன்றையொன்று கொன்று ஓய்ந்து மூன்று வருடங்கூட ஆகவில்லை. ஈரானியர் ஒருவரை ஈராக்கியராக்க ஒரு தொப்பி போதுமாயிருந்தது. பக்கத்தில் நின்ற ஜெனரல் அட்னான் உண்மையிலேயே ஈராக்கியர். ஆனால் எழுபதுகளில் இதே நிறுவனத்தில் அவர் 'பில்லி வைட் வூல்ஃப்' என்ற பெயரில் அமெரிக்கப் பூர்வகுடியாக ஆடியவர்.

இவர்களின் தலைவனாக வந்தவர் சார்ஜன்ட் ஸ்லோட்டர். 1984இல் அமெரிக்கக் கொடியோடு ஷேக்கை அடித்த அதே தேசபக்தர், இப்போது துரோகி. அந்தக் கோடை முடிந்ததும் ஸ்லோட்டர் தன் நாட்டைத் திருப்பித் தரும்படி கெஞ்சினார். சனம் மன்னித்தது. அமெரிக்கருக்கு மன்னிப்புக் கேட்கும் காட்சி எழுதப்பட்டது. ஈரானியருக்கு எழுதப்படவில்லை. அவர் திரும்பிப் போவதற்கு அந்தக் கதையில் ஒரு வீடு இருக்கவில்லை. 1991இல் எனக்கு இது விளங்கியது என்று சொன்னால் அது பொய். அன்று நானும் கூட்டத்தோடு சேர்ந்துதான் கத்தினேன்.

அம்மாவின் கேள்விக்கு ஒருமுறை நேர்மையான பதில் வந்தது. 2004இன் இறுதியில் முகமட் ஹசான் என்ற பாத்திரம் அறிமுகமானது. தான் டிட்ரொயிட்டில் வளர்ந்த அமெரிக்கன் என்றும், செப்டெம்பர் 11க்குப் பிறகு தன்னை எல்லோரும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள் என்றும் அவன் சொன்னான். அவ்வளவுதான் அவன் 'செய்தது'. அதில் ஒரு வரிகூடப் பிழையில்லை. பிழையில்லாததைச் சொன்னதற்காகவே அரங்கு அவனை ஏசியது. ஒரு நல்ல நாடகம் தொடங்க வேண்டிய இடம் அது. நிறுவனம் அதைத் தொடரவில்லை. ஹசானாக நடித்த மார்க் கோபானி இத்தாலிய வம்சாவளியினர் என்பது இன்னொரு கதை.

2005 ஏப்ரல் 2 அன்று ஷேக்கும் ஹோகனும் ஒரே இரவில் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்கள். ஷேக்கை அறிமுகம் செய்தவர் ஸ்லோட்டர். அடுத்த நாள் ரெஸில்மேனியாவில் ஹோகன் ஓடிவந்து ஹசானை அடித்தார். பழைய ஷேக்குக்கு மாலை, புதிய ஷேக்குக்கு அடி. ஜூலையில் ஹசானின் ஏவலில் முகமூடிக்காரர்கள் அண்டர்டேக்கரின் கழுத்தை நெரிக்கும் காட்சி ஒளிபரப்பானது லண்டன் குண்டுவெடிப்பு நடந்த அதே ஜூலை 7 அன்று. அந்த மாத முடிவுக்குள் பாத்திரம் ஒழிக்கப்பட்டது. வழக்கோடு வந்தவனைப் பயங்கரவாதியாக்கியது எழுதியவர்களின் சோம்பல். அரசியலாக மட்டுமல்ல, கதையாகவும் அது தோல்வி.

கல்கரியில் பிறந்த பஞ்சாபியான ஜிண்டர் மஹால் 2017 மே 21 அன்று உலகப் பட்டம் வென்றபோது நான் சோபாவை விட்டுத் துள்ளினேன். அவருடைய மாமா காமா சிங், ஹார்ட் குடும்பத்தின் ஸ்டம்பீட் றெஸ்லிங்கில் 'கராச்சி வைஸ்' கூட்டத்தின் தலைவராக ஆடியவர். அந்தக் கூட்டத்தில் 'மக்கான் சிங்' ஆக வந்தவர் ஒரு வெள்ளை அமெரிக்கர்! மருமகனுக்குப் பட்டம் கிடைத்தது, பாட்டு கிடைக்கவில்லை. என் தோற்றத்துக்காக வெறுக்கிறீர்கள் என்று அவர் ஒவ்வொரு கிழமையும் சொன்னார். அதற்கு மேலே ஒரு அடி எழுத யாருக்கும் மனம் வரவில்லை. ஆறு மாதத்துக்குள் பட்டமும் போனது.

சாமி ஸெய்னின் கதை வேறு. சிரியப் பெற்றோருக்கு மொன்றியலுக்கு அருகே லவாலில் பிறந்தவர். பத்து வருடங்களுக்கு மேல் 'எல் ஜெனெரிக்கோ' என்ற மெக்சிக்க முகமூடிக்குள் ஆடிவிட்டு, முகமூடியைக் கழற்றியபோது அரபுப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டார். கொடி இல்லை. வரவுப் பாட்டு ஸ்கா இசை. 2022இல் அவர் ரோமன் ரெய்ன்ஸின் சமோவக் குடும்பத்துக்குள் ஒட்டிக்கொள்ள முயன்றார். சிரிக்க வைத்தார், ஏச்சு வாங்கினார், 'எங்கட ஆள்' என்று ஒரு சொல் கேட்கக் காத்திருந்தார். 2023 ஜனவரியில், பழைய நண்பன் கெவின் ஓவன்ஸைக் கதிரையால் அடி என்று ரெய்ன்ஸ் கட்டளையிட்டபோது, ரெய்ன்ஸையே அடித்தார். இன்னொருவர் வீட்டில் இடம் கேட்டு நின்றவன் அந்த இடத்தின் விலையைக் கண்டுகொள்ளும் கதை இது. புலம்பெயர்ந்தவரின் கதையை றெஸ்லிங் ஒழுங்காகச் சொன்ன தருணம் அதுவென்பேன். அதில் 'புலம்பெயர்ந்தவர்' என்ற சொல்லே வரவில்லை.

அடுத்த மாதம் மொன்றியலில் ஸெய்ன் ரெய்ன்ஸிடம் தோற்றார். அரங்கம் அவருக்காகத் தொண்டை கிழியக் கத்தியது. நானும் மகனும் வீட்டிலிருந்து பார்த்தோம். அம்மாவும் பக்கத்தில் இருந்தார்.

"இவர் எந்த நாடு?" என்றார் அம்மா.

"மொன்றியல்," என்றான் மகன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அம்மா இந்தமுறை அவர் என்ன செய்தவர் என்று கேட்கவில்லை. அதைக் கதையே அவருக்குச் சொல்லியிருந்தது.